சீலிங் ஃபேனால் கரண்ட் மிச்சமாகுமா?

கேள்வி இதுதான்: வீட்டில் ஏசியும் இருக்கிறது, சீலிங் ஃபேனும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மிச்சமா, நட்டமா? ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் கரண்டும் குறையுமா? பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. ஃபேன் (உள்ளே நிரந்தரக் காந்த மோட்டார் வைத்த, குறைந்த கரண்டில் ஓடும் ஃபேன்) மாட்டுவதில் பிரயோஜனம் உண்டா? மூன்றுக்கும் பதில் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. சந்தேகம் இருந்தால், கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் ஃபேனுக்குக் கீழே ஒரு தெர்மாமீட்டரை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அளவு இறங்கியே இருக்காது. சில சமயம் கொஞ்சம் ஏறியிருக்கும். அப்புறம் அதே தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி அதே இடத்தில் வையுங்கள். சில நிமிடங்களில் மளமளவென்று சில டிகிரி இறங்கிவிடும். அறையும் அதேதான், ஃபேனும் அதேதான். ஈரம் மட்டும்தான் புதிது. வியர்த்திருக்கும் நம் தோல் அந்த ஈரத் துணி மாதிரி.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. காற்று அசையாத அறையில் அந்த வெப்பமும் வியர்வையின் ஈரமும் தோலை ஒட்டி ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடும். புழுக்கம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். ஃபேன் காற்று அந்தப் படலத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது, வியர்வையும் ஆவியாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப் போட்டால், அந்த 100 வாட்டையும் வியர்வை ஒன்றாலேயே வெளியேற்ற மணிக்கு 150 கிராம் ஆவியானால் போதும். ஒரு டம்ளர் தண்ணீர் கூட இல்லை. ஆனால் அது ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்புக்கு ஒரு லாபமும் கிடையாது.

இதிலிருந்து வரும் முதல் சிக்கனம் ரொம்பச் சாதாரணமானது: ஆள் எழுந்து போனால் ஃபேனை நிறுத்த வேண்டும். "ரூம் கொஞ்சம் கூலாகட்டும்" என்று முன்கூட்டியே போட்டு வைப்பவர்கள் நிறைய. ஆளில்லாத, மூடிய அறையில் 75 வாட் ஃபேன் ஓடினால், அந்த 75 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் அந்த அறைக்குள் தங்கும். மோட்டார் சூட்டில் ஒரு பங்கு, சுழன்ற காற்று சுவரில் உரசி அடங்குவதில் மீதி. கிட்டத்தட்ட இன்னொரு ஆளைக் கூட்டிவந்து உட்கார வைத்த மாதிரி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேல் தளத்து அறைகளில் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி வெகுநேரம் வரை சூட்டைக் கீழே இறக்கும். "ஃபேன் போட்டால் அனல்தான் வருகிறது" என்று சொல்வது இந்த அறைகளில்தான், அது பிரமையும் இல்லை. கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத்தான் ஃபேன் கீழே தள்ளுகிறது. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்துவிட்ட நேரத்தில், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஃபேனையும் கால் மணி, அரை மணி ஓடவிட்டால் அந்தச் சூடு வெளியேறும். ஒரே ஜன்னல் என்றால் ஒரு டேபிள் ஃபேனை அதில் வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிட்டு அறைக் கதவைத் திறந்து வையுங்கள்; சூடான காற்று ஜன்னல் வழியே போக, வீட்டின் மற்ற பக்கத்துக் காற்று கதவு வழியே வரும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவது நியாயம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு வேளையில்தான்.

சரி, ஏசிக்கு வருவோம். ஏசியும் ஃபேனும் சேர்ந்தால் மிச்சமா என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிப் பதில். மிச்சம் பிடிப்பது ஃபேன் இல்லை, ஏசி ரிமோட்டில் நீங்கள் அழுத்தும் பட்டன். ஃபேன் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் ஏசியின் அளவை 4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 2 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல், கூட்டி வைத்தாலும் சுகத்தில் குறைவு தெரியாது என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. பழகிவிட்டால் 3 டிகிரி வரை போகலாம் என்பது என் அனுபவம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1.5 டன் ஏசி, கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். விட்டு விட்டு ஓடுவதால் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 7 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி கூட்டினால் தோராயமாக 6 சதவீதம் குறையும். 24-லிருந்து 27-க்குப் போனால் 18 சதவீதம், ஏறக்குறைய ஒன்றே கால் யூனிட். நடு வேகத்தில் 45 வாட் இழுக்கும் ஃபேன் எட்டு மணி நேரம் ஓட 0.36 யூனிட். கழித்துப் பார்த்தால் ஒரு ராத்திரிக்கு 0.9 யூனிட் கையில் நிற்கும், மாதத்துக்கு 27.

இப்போது அதே கணக்கில் ரிமோட்டைத் தொடாமல் 24-லேயே விட்டுவிட்டு ஃபேனையும் போடுங்கள். மாதத்துக்குப் 10 யூனிட்டுக்கு மேல் கூடுதல். அதோடு ஃபேன் விடும் சூட்டையும் சேர்த்து ஏசி வெளியேற்ற வேண்டும். "ரெண்டும் போட்டுப் பார்த்தோம், பில் குறையவே இல்லை, கூடத்தான் செய்தது" என்று சொல்பவர்களின் ரிமோட்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் 22, 23 என்றுதான் இருக்கும், மேலே ஒரு கம்பளிப் போர்வையும் இருக்கும்.

இதைவிடப் பெரிய மிச்சம் டைமரில் இருக்கிறது. படுக்கும்போது ஏசி, ஃபேன் இரண்டும் ஓடட்டும். மூன்று மணி நேரத்தில் ஏசி தானாக நின்றுவிடும்படி வைத்துவிடுங்கள். ஃபேன் மட்டும் விடியும்வரை. பின்னிரவில் வெளிச்சூடும் தணிந்திருக்கும், அறையும் குளிர்ந்திருக்கும், நாமும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்போம். ஏசி எட்டு மணி நேரத்திலிருந்து மூன்றுக்கு வந்துவிடுகிறது. ஃபேன் இல்லாமல் இதைச் செய்தால் ஏசி நின்ற கொஞ்ச நேரத்தில் கழுத்து வியர்த்து விழித்துக்கொள்வோம்.

ஃபேன் போட்டால் ஏசிக் குளிர் கலைந்துபோகும் என்று ஒரு பேச்சு உண்டு. மூடிய அறைக்குள் குளிர் எங்கே போகும்? உண்மையில் குளிர்ந்த காற்று தரையில் தேங்கி, சூடானது கூரையை ஒட்டி நிற்கும். ஏசியின் வெப்ப உணரியும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஃபேன் இரண்டையும் கலந்துவிடுவதால் அறை முழுக்க ஒரே சீராகிறது. கதவிடுக்கில் ஒழுக்கு இருந்தால், அல்லது ஃபால்ஸ் சீலிங்கின் ஓட்டைகள் வழியாக மேலே தேங்கிய அனலை ஃபேன் இழுத்தால் நட்டம் வரும். அப்போது அடைக்க வேண்டியது அந்த ஓட்டையை.

குளிர்காலத்தில் ஹீட்டர் போடும் ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபேனில் திசை மாற்றும் ஸ்விட்ச் இருந்தால், கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில், மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று மேலே போய், கூரையில் தேங்கிய வெதுவெதுப்பைச் சுவரோரமாகக் கீழே இறக்கும், நம் மேல் நேராக வீசாது. வெயில் நாளில் அந்த ஸ்விட்ச் தவறிப்போய் மாறிக்கிடந்தால் ஃபேன் சுற்றும், காற்று மட்டும் வராது. ரிப்பேர் என்று கழற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சிக்கனம் பேசும்போது எல்லையையும் சொல்லியாக வேண்டும். தோலின் வெப்பம் 35 டிகிரி அளவில் இருக்கும். அறைக் காற்று அதைவிடச் சூடானால், வீசும் காற்று நமக்கு வெப்பத்தைக் கொடுக்கத்தான் செய்யும். ஆவியாகும் வியர்வை மட்டுமே காப்பாற்றும். 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கும், அப்போது அதை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வயதானவர்களுக்கு வியர்ப்பதே குறைவு. கடும் வெயில் நாளில் அவர்கள் இருக்கும் அறையில் யூனிட் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். ஏசி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கை, கால், கழுத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இனி ரெகுலேட்டர், புது ஃபேன். இந்த இரண்டிலும் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. உங்கள் வீட்டு மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்றோ, 1600 என்றோ, 1000 என்றோ ஒரு எண் அச்சாகியிருக்கும். அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 75 வாட் ஃபேனுக்கு 15 விநாடிக்கு ஒரு மினுக்கல். 36 லட்சத்தை மீட்டர் எண்ணாலும் விநாடியாலும் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். ஏசி ஓடும்போது போய்ப் பார்த்தீர்களானால் எண்ணவே முடியாது, விநாடிக்கு ஒன்றுக்கும் மேல் படபடவென்று அடிக்கும். இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் ரிமோட்டை எடுக்கும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். (ஃப்ரிட்ஜையும் நிறுத்தினால்தான் கணக்கு சரியாக வரும். மறுபடி போட மறந்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை மறந்து, மறுநாள் காலையில் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இப்படி ஒரு சாதாரண ஃபேனை, எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் முழு வேகத்திலும் நடு வேகத்திலும் அளந்து பார்த்தால், 15 விநாடி 24 விநாடியாக நீள்வதைப் பார்க்கலாம். அதாவது 75 வாட் 47 ஆகிறது. ஆக, குறைத்து வைத்தால் கரண்டும் குறையும். ஆனால் சுவரில் புடைத்து நிற்கும் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருக்கிறதே, அது கதை வேறு. அதற்குள் இருப்பது வெறும் மின்தடைக் கம்பிச் சுருள். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கேயே சூடாகப் போய்விடும். சின்ன எண்ணில் வைத்து அரை மணி கழித்துப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை சொல்லும். மிச்சம் சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சம்தான். அந்தப் பெட்டியை மாற்றுவது இருப்பதிலேயே சுலபமான வேலை.

புது ஃபேன் வாங்குவதற்கு முன் இருக்கிற ஃபேனைக் கவனியுங்கள். முழு வேகத்தில் வைத்தும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர்தான். கப்பாசிட்டர் என்பதன் கடைப்பெயர் அது, 2.5 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு சிறிய டப்பா, மேலே கப்புக்குள் இருக்கும். வருஷக்கணக்கில் ஓடி அதன் திறன் குறையக் குறைய ஃபேனின் வேகமும் குறையும். காற்று போதவில்லையே என்று ஏசியில் குளிரைக் கூட்டுவோம், குற்றம் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். மாற்றும்போது மெயினை நிறுத்திவிடுங்கள். பழையதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம், அதன் முனைகளில் விரல் வைக்க வேண்டாம். பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே மேல். அடுத்தது அழுக்கு. இறக்கை காற்றைக் கிழிக்கும் அந்த முன்விளிம்பில்தான் தூசி தடித்துப் படியும், காற்றைத் தள்ள வேண்டிய வளைவைக் கெடுக்கும். பழைய தலையணை உறை ஒன்றை இறக்கைக்கு மாட்டி, அழுத்திப் பிடித்து வெளியே இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

உயரமும் முக்கியம். இறக்கை தரையிலிருந்து குறைந்தது 7 அடி, கூடினால் 9 அடிக்குள் இருக்க வேண்டும். கூரையை ஒட்டி மாட்டினால் மேலிருந்து காற்றை இழுக்க இடம் இருக்காது, வெறும் சத்தம்தான் மிஞ்சும். ஒரு முக்கால் அடியிலிருந்து ஓர் அடியாவது விட வேண்டும். உயரக் கூரை வீட்டில் டவுன் ராடு, அதாவது ஃபேன் தொங்கும் கம்பியை, நீளமாக வாங்கிப் போடுவது, பெரிய ஃபேன் வாங்குவதைவிடப் பலன் தரும். இன்னொன்று: மோட்டாருக்கு நேர் கீழே காற்று மந்தமாகத்தான் இருக்கும். இறக்கைகளின் நடுப்பகுதிக்குக் கீழேதான் வேகம் அதிகம். கட்டிலை அரை அடி, ஓர் அடி நகர்த்தி, தலையும் நெஞ்சும் அந்த இடத்துக்கு வரும்படி போட்டுப் பாருங்கள். ஐந்தாம் எண்ணில் வைத்தது மூன்றில் போதும் என்று தோன்றும்.

கடைசியாக பி.எல்.டி.சி. இது வெறும் விளம்பரமா என்று கேட்டால், இல்லை. சாதாரண ஃபேனில் சுழலும் பாகத்தில் காந்தம் கிடையாது. காயிலில் ஓடும் மின்சாரம் அதற்குள்ளும் மின்னோட்டத்தைத் தூண்டி, அப்படித்தான் அதைக் காந்தமாக்கிச் சுழற்றுகிறது. அந்த வழியில் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் சூடாகிறது. பி.எல்.டி.சி.யில் நிரந்தரக் காந்தமே உள்ளே இருக்கிறது. ஒரு சிறிய எலக்ட்ரானிக் போர்டு தேவையான காயிலுக்குத் தேவையான நேரத்தில் மின்சாரம் தருகிறது. ஏறக்குறைய அதே காற்றுக்கு 28 முதல் 35 வாட். இரண்டு ஃபேனையும் பல மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, மோட்டார் மேல் கை வைத்தால் ஒன்று சுடும், மற்றது வெதுவெதுப்போடு சரி. அந்தச் சூட்டு வித்தியாசம்தான் உங்கள் பில் வித்தியாசம்.

குறைந்த வேகத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். வேகம் பாதியானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும், இயற்பியல் அப்படி. சாதாரண மோட்டாரால் அந்தச் சலுகையை முழுசாகப் பயன்படுத்த முடியாது. பி.எல்.டி.சி. ஒற்றை இலக்க வாட்டுக்கு இறங்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு இது பில்லைவிடப் பெரிய லாபம். ஃபேன் மட்டும்தான் ஓடுகிறது என்றால் பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும். குறை இல்லாமல் இல்லை. போர்டு போனால் கண்டன்சர் மாற்றுவது மாதிரி சுலபமில்லை, அதே கம்பெனிப் போர்டுதான் வேண்டியிருக்கும். ஆகவே உத்தரவாதக் காலம் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் வாட் மட்டும் பார்த்தால் போதாது, நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்றும் பாருங்கள். 4 அடி ஃபேனில் 210-க்கு மேல் இருந்தால் நல்லது. வாட் குறைந்து காற்றும் குறைந்தால் அதில் என்ன சாமர்த்தியம்?

எல்லா அறையிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வித்தியாசம் 45 வாட். தினம் 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 200 யூனிட் மிஞ்சும். தினம் இரண்டு மணி நேரம் ஓடுவதில் 33 மட்டுமே. படுக்கையறையில் தொடங்குங்கள், அடுத்து ஹால். எப்போதோ ஒரு நாள் திறக்கும் அறையின் பழைய ஃபேன் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு நேரடி ஸ்விட்ச் மட்டும்தான். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் போர்டு சீக்கிரம் போய்விடும். ரிமோட்டில் நிறுத்தினாலும் போர்டு கொஞ்சூண்டு கரண்ட் குடித்துக்கொண்டுதான் இருக்கும், வெளியூர் போகும்போது சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஆளை அனுப்புவதற்கு முன் மீட்டர் பக்கம் ஒரு நடை. முழு வேகத்தில், 3200 மீட்டரில், ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் 35 விநாடிக்கு முன்பின் வர வேண்டும். 25 விநாடியிலேயே வந்துவிட்டது என்றால், வேறு ஏதாவது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். எதுவும் ஓடவில்லையென்றால் ஃபேனைப் பெட்டியோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.